ஒரே கூட்டில் நாலு முட்டை

ஜனவரி 11

அன்புத் தம்பி சின்னவனுக்கு அக்கா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் பம்ப் மோட்டார் சத்தத்தில் உன் காது போனதிலிருந்து நான் மூன்று தரம் கத்தினால் நீ ஒரு தரம் "ஆங்?" என்கிறாய். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கிறார்கள். இந்த விஷயத்தை அப்படிக் கத்திச் சொல்ல முடியாது.

என்னுடன் அறையில் இருக்கிறாளே, நர்ஸம்மா, அவளுக்கு உடம்பு சரியில்லை. போன மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். வலது கையும் காலும் வரவில்லை. அவள் இத்தனை வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவளுடைய அண்ணன் மகன் வந்தான். "அத்தைய நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி, வண்டி வைத்து உங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் போனதிலிருந்து சேதி இல்லை. நான் கூப்பிட்டால் "நல்லா இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறான். அடிக்கடி கூப்பிட்டுக் கேட்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது, சொல்.

வீட்டு விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். உன் பட்டறையிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்தானாம். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. எங்கே படுக்க வைத்திருக்கிறார்கள், சாப்பிடுகிறாளா, முகம் எப்படி இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். இதுவரை உன்னிடம் நான் பெரிதாக எதுவும் கேட்டதில்லை.

சாயங்காலங்களில் வேலை இல்லை. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே சிமெண்ட் விளிம்பில் இரண்டு புறாக்கள் வருகின்றன, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று கழுத்தை உப்பிக்கொண்டு, தலையைக் குனிந்து குனிந்து, வாலைத் தரையில் இழுத்தபடி அரைவட்டம் போடுகிறது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குமுறல் வேறு. மற்றது கண்டுகொள்வதே இல்லை. அங்கே இல்லாத தானியத்தை மும்முரமாகக் கொத்துகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் உட்கார்ந்திருந்த லட்சணம் உனக்கு ஞாபகம் வரும்.

போய்விட்டு வந்து உடனே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்குச் சின்னவனின் வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருப்பதைக் கேட்டுச் சந்தோஷம்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பெரிய கட்டடம் ஒன்றில் பம்ப் எரிந்துபோய், நாலு மாடிக்கும் தண்ணீர் இல்லாமல், ஆளாளுக்கு என் தலையை உருட்டினார்கள். அதை ஏற்றி இறக்கி ஓடவிடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நர்ஸம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். பாவம்தான். போகாமல் இருப்பேனா? ஆனால் அவர்களுக்கும் எனக்கும் ஒத்துவராது என்பது உனக்கே தெரியும். உனக்கு வந்த நல்ல இடமெல்லாம் தட்டிப்போனது அவர்களால்தான் என்று ஒருமுறை முகத்துக்கு நேராகவே பேசிவிட்டேன். இப்போது போய் வாசலில் நின்றால் யாரென்று சொல்லிக்கொள்வது? கூட இருந்தவளின் தம்பி என்றா? இருந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போகிறேன்.

நான் ஒன்று சொல்கிறேன், கேள். அவர்களைத்தான் சொந்தக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களே. இனி நீ அங்கே ஒண்டிக்கட்டையாக இருந்து என்ன செய்யப் போகிறாய்? கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தது போதும். அறையைக் காலி செய்துவிட்டு இங்கே வா. முன்னறையை உனக்கென்று ஒழித்துத் தருகிறேன்.

புறாவை அண்டவிடாதே. எச்சம் நெஞ்சுக்கு ஆகாது என்கிறார்கள். ஒரு குச்சியால் தட்டினால் போய்விடும்.

இப்படிக்கு,
சின்னவன்


பிப்ரவரி 10

தம்பிக்கு அக்கா. நான் நன்றாக இருக்கிறேன். உன் வேலை முடிந்து நிம்மதியாகத் தூங்கினாயா? உன் வீட்டுக்காரிக்கு முட்டிவலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை போயிருப்பாய், உன் கடிதம் வழியில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவேளை போகவில்லை என்றால், போகும்போது நினைவில் வைத்துக்கொள்ள சில விஷயங்கள் சொல்கிறேன். அவளுக்கு இடது பக்கமாகப் போய் உட்கார். வலது பக்கம் யாராவது நின்றால் அவளுக்குத் தெரியாது. முடியை இறுக்கிக் கட்டியிருந்தால் தளர்த்தச் சொல், இல்லாவிட்டால் தலைவலி வந்துவிடும். ஆறிப்போன டீயை வாயில் வைக்க மாட்டாள். யாராவது நகம் வெட்டிவிடுகிறார்களா பார். முப்பது வருஷம் ஊராருக்கெல்லாம் வெட்டிவிட்டவள், தன் நகம் வளர்ந்து கிடந்தால் மனசு தாங்காது. அவர்கள் வீட்டில் யாரையும் குறை சொல்லாதே. பேச்சோடு பேச்சாகச் சொல்.

புறா விரட்டினால் போகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. குனிந்து குனிந்து சுற்றிக்கொண்டிருந்ததை மற்றது ஒருநாள் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான். இப்போது ஒன்றின் அலகுக்குள் இன்னொன்று அலகை விட்டு, குஞ்சுக்கு ஊட்டுவதுபோல ஊட்டுகிறது. கழுத்தை மாற்றி மாற்றிக் கோதிவிடுகின்றன. அதற்குப் பிறகு நடந்ததைத் தம்பிக்கு எழுத முடியாது, நீயும் கல்யாணம் ஆனவன்தான். முடிந்ததும் இரண்டும் சிறகைப் படபடவென்று தட்டிக்கொண்டு எதிர்மாடிக்குப் பறந்தன. யாரைப் பற்றியும் கவலை இல்லை.

கூடு கட்டுகிற அழகு இருக்கிறதே! ஒன்று விளிம்பின் மூலையில் உட்கார்ந்தே இருக்கிறது. மற்றது தடவைக்கு ஒரு குச்சி, ஒரே ஒரு குச்சி, கொண்டுவந்து அதன் முன்னால் வைக்கிறது. துடைப்பக்குச்சி, ஐஸ் குச்சி, நான் தூக்கி எறிந்த மூக்குக்கண்ணாடிக் கம்பி ஒன்று. உட்கார்ந்திருப்பது ஒவ்வொன்றையும் வாங்கித் தனக்குக் கீழே செருகிக்கொள்கிறது. மொத்தமும் சேர்த்தால் ஒரு கைப்பிடி தேறாது. இதற்குப் பேர் வீடு.

முன்னறையை ஒழிக்க வேண்டாம். அவள் துணிமணி எல்லாம் இங்கேதான் இருக்கிறது. நான் எங்கே வருவது?

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நலம். உன் தம்பி பொண்டாட்டிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, நீ விசாரித்ததைச் சொன்னேன்.

நர்ஸம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. வீடு நல்ல வீடு, காற்றோட்டம் இருக்கிறது. நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். என்னைப் பார்த்ததும் நர்ஸம்மாவுக்குச் சந்தோஷம். பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உன்னைத்தான் ரொம்ப விசாரித்தார்கள். "கவலப்படாம இருக்கச் சொல்லுங்க" என்றார்கள். டீ கொடுத்தார்கள், சூடாகத்தான் இருந்தது. நகமும் வெட்டியிருந்தது.

ஆகவே நீ இனி மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அவர்கள் அவர்களுடைய மனிதர்களோடு இருக்கிறார்கள். நீ உன் மனிதர்களோடு வந்து இருக்க வேண்டியதுதான் முறை. யோசித்து எழுது.

சின்னவன்


மார்ச் 27

தம்பிக்கு அக்கா எழுதுவது. இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தால் வரவில்லை. கடையிலும் அப்படித்தான். போன வாரம் ஒருவருடைய வலது கண்ணாடியை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் படியிறங்கும்போது தடுமாறித் திரும்பி வந்தார். முதலாளி அதை வாங்கி அவரே மாற்றி மாட்டிக் கொடுத்தார்.

புறா முட்டை வைத்துவிட்டது. முதலில் இரண்டு இருந்தது. பிறகு பார்த்தால் நாலு. கடையில் சொன்னால் புறா இரண்டுதான் வைக்கும் என்று என்னோடு பந்தயம் கட்டுகிறார்கள். நான் லென்ஸ் தேய்க்கிறவள், எனக்குக் கண் தெரியாதா? மாற்றி மாற்றி அடைகாக்கின்றன. வெயில் ஏறியதும் ஒன்று எழுந்துபோகும், இன்னொன்று வந்து உட்காரும். சாயங்காலம் மறுபடி மாறும். நாங்களும் இப்படித்தான் காலத்தை ஓட்டினோம். அவளுக்கு நைட் டூட்டி, எனக்குப் பகல் வேலை. காலையில் நான் செருப்பை மாட்டும்போது அவள் கழற்றுவாள். வாசலில் நின்றபடியே ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிப்போம். எனக்கு எத்தனையோ நாள் அதனால் கடைக்கு நேரமாகியிருக்கிறது. இப்போது கதவைத் திறந்தால், காலையில் நான் எதை எப்படி விட்டுவிட்டுப் போனேனோ அது அப்படியே இருக்கிறது. ஒரு டம்ளர்கூட இடம் மாறியிருப்பதில்லை. எனக்கு இது தாங்கவில்லை, தம்பி.

உன் கடிதத்துக்கு வருகிறேன். அவள் நன்றாகப் பேசினாள் என்று எழுதியிருக்கிறாய். என்னை விசாரித்தாள் என்று எழுதியிருக்கிறாய்.

விழுந்த அன்றைக்கே அவளுக்குப் பேச்சு போய்விட்டது. இனி வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். முதல் கடிதத்தில் அதை நான் எழுதவில்லை. கையால் எழுதிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். என் புத்தியும் போய்த்தான் இருந்தது. உன் கடிதம் வந்த அன்று முழுவதும், ஒருவேளை பேச்சு வந்துவிட்டதோ, என்னைத்தான் முதலில் கேட்டாளோ என்று கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். நீ போகாததுகூடப் பரவாயில்லை. அந்த ஒருநாள் சிரித்தேன் பார், அதற்காகத்தான் உன்மேல் ஆத்திரம்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது வாய் இல்லை. இருந்தாலும், நீ நன்றாக இருக்க வேண்டும்.

நான் போகவில்லை. பொய்தான் எழுதினேன். ஆனால் போகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தத் தெருமுனை வரைக்கும் போனேன். எதிர்க்கடையில் நின்று வீட்டைப் பார்த்தேன். கொடியில் படுக்கைவிரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. யாராவது வெளியே வந்தால் பேசலாம் என்று நின்றேன். யாரும் வரவில்லை. கதவைத் தட்டி, "யாரு நீங்க?" என்று கேட்டால் சொல்ல ஒரு உறவுமுறை இல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். உன்னைச் சமாதானப்படுத்தலாம் என்றுதான் அப்படி எழுதினேன். பெரிய மனுஷன் செய்கிற வேலையா இது. அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன் புறாவைப் பற்றி எங்கள் பட்டறை மேஸ்திரியிடம் சொன்னேன். மொட்டை மாடியில் புறா வளர்க்கிறவர் அவர். நாலு முட்டை என்றதுமே சிரித்துவிட்டார். "ரெண்டும் பெட்டைப்பா. ஆண் கிடைக்கலன்னா பெட்டையும் பெட்டையும் ஜோடி சேரும். ஒண்ணு ஆண் மாதிரியே சுத்தி வரும். ஆளுக்கு ரெண்டு முட்டை வைக்கும். ஒண்ணும் பொரிக்காது, எடுத்து எறியச் சொல்லு" என்றார். இத்தனை நாள் உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கின்றன பார்.

சின்னவன்

அண்ணி, மிச்ச இடத்தில் நான் எழுதுகிறேன். மேஸ்திரி சொன்னதை இவர் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து முதலிலிருந்து படித்தேன். எனக்குப் புரிந்துவிட்டது அண்ணி. இவர் மண்டையில் இன்னும் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை இவரை நானே இழுத்துக்கொண்டு போகிறேன். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.


ஏப்ரல் 12

தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

நலமே. உங்கள் நலத்தை வேண்டுகிறேன்.

மேஸ்திரி சொன்னது சரி. என்னை யாரும் ஏமாற்றவில்லை. மூன்றாவது முட்டையைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். எங்கள் கடைக்கு வருகிற ஒரு பெரியவரும் இதையே சொன்னார். தெரிந்துதான் உனக்கு எழுதினேன்.

பொரிக்காது என்றால் என்ன? மழையில் நனைந்துகொண்டு ஒன்று மாற்றி ஒன்று உட்காருகிறது. ஒன்று போனால் இன்னொன்று வருகிற வரைக்கும் எழுந்திருப்பதில்லை. வேறு ஜோடி இதற்கு மேல் என்ன செய்துவிடுகிறது? முட்டையை நான் எறிய மாட்டேன்.

உன்மேல் கோபம் தணிந்துவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு, இருப்பதை இருக்கிறபடி எழுது. நல்லது கெட்டது எதுவானாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? இந்த முறை ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இரண்டு பேருமாகப் போனோம். கீழ்த்தளத்தில் சின்ன வீடு. பின்னறையில் சுவரை ஒட்டிக் கட்டில். அதே அறையில்தான் தையல் மெஷினும் பழைய சைக்கிளும். விரிப்பு சுத்தமாக இருந்தது. அண்ணன் மகனும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். மதியம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்துக்கொள்கிறாளாம். அந்த மருமகள் நல்ல பெண்தான், ஆனால் களைத்துப்போயிருக்கிறாள். நகம் வளர்ந்திருந்தது. உன் தம்பி பொண்டாட்டி கேட்டு வாங்கி வெட்டிவிட்டாள். முடியையும் தளர்த்திக் கட்டினாள்.

ரொம்ப இளைத்திருக்கிறார்கள், அக்கா. வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. பேச்சு இல்லை. ஆனால் கண் தெளிவாக இருக்கிறது, நாம் பேசுவது எல்லாம் புரிகிறது.

நீ சொன்னபடி இடது பக்கம் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் உன் புறாக்கதையைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடிக் கம்பியைக் கூட்டில் செருகினதைச் சொன்னேன். மேஸ்திரி சொன்னதையும் சொன்னேன். நாலு முட்டை, இரண்டும் பெட்டை என்றதும் அவர்கள் தோள் குலுங்கியது. நான் பயந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "அக்காதான் எங்கள அனுப்பிச்சா" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. இடது கையை ஊன்றி, கஷ்டப்பட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்கள். கிளம்புகிற வரைக்கும் முகத்தைக் காட்டவில்லை. வாசலில் அந்தப் பையன், "ஆஸ்பத்திரில அத்தைகூட ரூம்ல இருக்கறவங்கன்னு ஒருத்தங்க சொன்னாங்களே, அவங்க தம்பியா நீங்க?" என்று கேட்டான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். உங்கள் இருவருக்குள் ஏதாவது சண்டையா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் தம்பி பொண்டாட்டி எனக்கு விளக்கம் சொன்னாள். என் காதுக்கு எட்ட வேண்டுமென்று கத்திச் சொன்னதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு முதலில் என்னவோ போல இருந்தது, மறைக்கவில்லை. பிறகு ஒன்று தோன்றியது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் நீ என் வீட்டுக்காரியை விசாரித்திருக்கிறாய். நான் ஒருதடவைகூட "நர்ஸம்மா நலமா" என்று எழுதியதில்லை.

சின்னவன்


மே 30

அன்புத் தம்பிக்கு,

இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். உங்கள் இருவரையும் நினைக்காத நாள் இல்லை.

ஒரு மாதமாக உன் கடிதம் தலையணைக்கடியில் கிடக்கிறது. சண்டையா என்று கேட்டாய். சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் அண்ணன் மகன் வந்தபோது நான்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். டாக்டர் நின்றார், அவளோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். அவன் தப்பாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான், "நீங்க யாருங்க?" என்றான். அத்தனை பேர் முகமும் என் பக்கம் திரும்பியது. "ரூம்ல கூட இருக்கறவ. வாடகைய ஆளுக்குப் பாதியா போட்டுக்கறோம், அவ்வளவுதான்" என்றேன். அவ்வளவுதான் என்று நானே சொன்னேன். அவள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். பேச்சுத்தான் போனது, காது போகவில்லை. வண்டியில் ஏற்றும்போது நான் கையைப் பிடித்தேன். இடது கைதான், நல்ல கைதான். அவள் திருப்பிப் பிடிக்கவில்லை.

இருபத்தைந்து வருஷம் அவள் சம்பாத்தியமும் என் சம்பாத்தியமும் ஒரே டப்பாவில் கிடந்தது. எனக்கு அம்மை போட்டபோது வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டவள். வாடகையாம், பாதியாம். என் நாக்கை என்ன செய்தால் தகும்?

புறாக்கள் முட்டையைக் கைவிட்டுவிட்டன. எவ்வளவோ நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் இரண்டும் எழுந்து போய்விட்டன. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. இனி வராது என்று நினைத்தேன். போன வாரம் மறுபடி வந்து, அதே மூலையில், கழுத்தை உப்பிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து குனிந்து நிற்கிறது ஒன்று. அதற்கு இருக்கிற ரோஷமற்ற தைரியம் எனக்கு இல்லை.

அவளைப் பார்க்க வேண்டும், தம்பி. அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆனால் நான் போய் நின்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டால், அதற்குப் பிறகு நான் எங்கே போவேன்?

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு நீ நலமா? நர்ஸம்மாவை நேற்றும் போய்ப் பார்த்தோம். உடம்பு அப்படியேதான் இருக்கிறது, காய்ச்சல் எதுவும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

நீ உடனே கிளம்பி வர வேண்டும். பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுப் பெண் வேறு ஊருக்குப் போகிறாளாம். அதனால் நர்ஸம்மாவை ஒரு இல்லத்தில் சேர்க்கப்போவதாக அண்ணன் மகன் சொன்னான். மனசில்லாமல்தான் சொன்னான். இருபதாம் தேதி அங்கேயிருந்து ஆள் வந்து பார்க்கிறார்களாம். எங்க அக்கா கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். "அவங்க எந்த முறையில பாத்துப்பாங்க?" என்றான். அதற்கு நான் பதில் சொன்னால் சரியாக வராது. நீதான் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் நான் வெளியூரில் பம்ப் இறக்கப் போகிறேன், தட்ட முடியாத வேலை. இவள் ஸ்டேஷனுக்கு வந்து உன்னை அழைத்துக்கொள்வாள்.

சின்னவன்

அண்ணி, திரும்பிக்கொண்டால் திரும்பிக்கொள்ளட்டும். கோபம் இருக்கிற இடத்தில்தான் திரும்புவார்கள். வாருங்கள்.


ஜூன் 21

அன்புத் தம்பி சின்னவனுக்கு,

உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ திரும்பி வரும்போது நான் இருக்க மாட்டேன், அதனால் இதை உன் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டாயா என்று கேட்கச் சொன்னாள்.

நேற்று போனோம். இல்லத்திலிருந்து ஒரு அம்மாள் ஏற்கெனவே வந்திருந்தார். பின்னறையில் எல்லோரும் நின்றிருந்தோம், உட்கார இடம் இல்லை. என் குரலைக் கேட்டதுமே அவள் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு அவ்வளவு சின்னதாகிவிட்டது. நீ அதை எழுதவில்லை.

அந்த அம்மாள் விசாரித்துக்கொண்டே வந்து, என்னைப் பார்த்து, "நீங்க என்ன உறவுங்க?" என்றார். அண்ணன் மகன் எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தான். நான் அவனைக் கையமர்த்தினேன். அந்த அம்மாளுக்குச் சொல்லவில்லை நான். முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நானும் அவளும் ஒரு குடும்பம். இருபத்தஞ்சு வருஷமா. ஆஸ்பத்திரில, சும்மா ரூம்ல கூட இருக்கறவன்னு சொன்னேன், ஊருக்குப் பயந்து சொன்னேன். அது பொய். எனக்கு அவளத் தவிர யாரும் இல்ல."

அந்த மருமகள் தையல் மெஷின்மேல் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். இல்லத்து அம்மாள், பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்று கிளம்பிப் போய்விட்டார். அண்ணன் மகன் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். பிறகு, "நான் என்னங்க சொல்றது? அத்தை சரின்னா எனக்கும் சரி. அத்தையையே கேளுங்க" என்றான்.

கேட்டேன். "வீட்டுக்கு வர்றியா?" என்றேன். அசையவில்லை. மறுபடி கேட்டேன். மூச்சு ஏறி இறங்கியது, அவ்வளவுதான். இனிமேல் கேட்கக் கூடாது என்று கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் வெளியே போய்விட்டார்கள். டீ வந்தது, ஆறியது. வெயில் சைக்கிள் மேலிருந்து இறங்கி வாசற்படிக்குப் போயிற்று. தரைச் சில்லிப்பில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், அம்மா என்று முனகினேன்.

அப்போது கட்டில் கிறீச்சிட்டது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. நல்ல கையால் சுவரைப் பிடித்து, உடம்பை இழுத்து இழுத்து, இன்னும் உள்ளே தள்ளிப் படுத்தாள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். கட்டிலின் ஓரத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது. நான் எழுந்து அதில் உட்கார்ந்தேன்.

எங்கள் இருவரையும் எங்கள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போக நாளை வண்டி வருகிறது. இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வழியில் பார்ப்பாளோ, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாளோ, தெரியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா